பசை போட்டு இறுக்கிய மேசை

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் அரைநூல் என்றுதான் கூப்பிடுவார்கள். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதி வித்தியாசம் தெரிந்தால்கூடப் பலகையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, வேறொன்றை எடுத்து முதலிலிருந்து அறுக்கிற தச்சர் அவர். பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவரோ அதைப் பட்டம் வாங்கின மாதிரி எடுத்துக்கொண்டார். மரத்தை அளக்கிற விஷயத்தில் அவரை யாரும் அசைத்துவிட முடியாது. மனிதர்களை அளக்கிற விஷயத்தில்தான் கோட்டை விட்டார். அதுவும் வீட்டு ஆளிடம்.

பட்டறை என்பது வீட்டை ஒட்டின ஒடுக்கமான ஷெட். முன்பு யாரோ கார் நிறுத்திய இடம். கதவைச் சாத்தினால் எட்டடிப் பலகையை அறுக்க முடியாது. திறந்து வைத்து அறுத்தால் பலகையின் வால் தெருவுக்குள் நீண்டுவிடும். தபால்காரர் ஒருமுறை சைக்கிளோடு வந்து அதில் முட்டிக்கொண்டார். அதிலிருந்து அந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் மணி அடித்துக்கொண்டே போவார், தபால் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஷெட்டின் நடுவில் மேசை ரம்பம். அது அரைநூலுடையது. மூலையில் ரவுட்டர் மேசை. பலகையின் விளிம்பில் வளைவும் பள்ளமும் செதுக்குகிற அந்த மெஷின் அவருடைய மனைவியின் தம்பியுடையது. தன் கைக்காசில் வாங்கி, ஒரு பழைய கதவைத் துண்டாக்கி அதன் அடியில் தொங்கவிட்டிருந்தான். அத்தான் நேராக அறுத்துக் கொடுப்பார், மைத்துனன் அதற்கு அழகு பார்ப்பான். அலமாரிக் கதவின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது யார் கை?" என்று வாங்க வந்தவர்கள் கேட்டால், இருவரும் ஒரே நேரத்தில் மற்றவரைக் காட்டுவார்கள். காலம் போனதே தெரியாமல் அவனுக்கும் முன்தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

இடம்தான் தகராறு. அவர் பலகையைத் தள்ளினால் இவன் முதுகில் இடிக்கும்.

"மாப்ள, கொஞ்சம் தள்ளு."

"எங்க அத்தான் தள்றது? செவுத்துக்குள்ளயா?"

"வயித்த உள்ள இழு. அக்கா சமையல் வேற எங்க போயிருக்கும்?"

"உங்க வயிறு மட்டும் என்ன, ரசமட்டம் வெச்சுப் பாத்த மாதிரியா இருக்கு?"

சமையலறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்திருந்ததால் மனைவிக்கு எல்லாமே கேட்கும். "ரெண்டு பேருக்கும் ராத்திரி கஞ்சிதான்" என்று அங்கிருந்தே தீர்ப்புச் சொல்வாள்.

வேறு பெரிய இடம் பார்க்கலாம் என்று மைத்துனன் முன்பெல்லாம் இரண்டு மூன்று தடவை பேச்செடுத்ததுண்டு. அரைநூல் பிடி கொடுக்கவில்லை. வீட்டை ஒட்டிப் பட்டறை இருக்கிற சௌகரியம் வருமா, கூப்பிட்டால் டீ வருமா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். உண்மையில் அவருக்குப் புது இடம் என்றாலே பயம். அதைச் சொல்லிக்கொள்ள முடியாதே, டீயின் தலையில் பழியைப் போட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் ஸ்க்ரூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவர், மூடிக் கிடந்த கண்ணாடிக் கடையின் ஷட்டர் பாதி தூக்கியிருப்பதைப் பார்த்தார். வியாபாரத்தை விட்டுவிட்ட கண்ணாடிக்காரர் அந்தக் கூடத்தை வாடகைக்கு விடப்போவதாகப் பேச்சு. உள்ளே மைத்துனன் டேப்பை நீட்டித் தரையை அளந்துகொண்டிருந்தான்.

"எப்பதான் வர்றீங்க?" என்று கண்ணாடிக்காரர் கேட்பது கேட்டது.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. அத்தான்கிட்ட இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா மனுஷன் ஒத்துக்கணுமே."

அரைநூல் ஷட்டருக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே போய், 'என்ன மாப்ள, இங்க என்ன பண்ற?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கேட்கவில்லை. திருடனைப் போலச் சுவரோரமாக நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார், ஸ்க்ரூவும் வாங்காமல்.

தனிக்கடை போடப் போகிறான். அவ்வளவுதான் அவருக்குப் பட்டது. போகட்டும் என்று விடவும் மனம் வரவில்லை, போகாதே என்று கேட்கவும் வாய் வரவில்லை. அவன் இல்லாத ஷெட்டை நினைத்துப் பார்த்தார். ரம்பத்தை நிறுத்தியதும் வரும் அமைதியில் யாரும் அவரைக் கிண்டல் பண்ண மாட்டார்கள். அது அவருக்குத் தாங்காது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தார்.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு ப்ளைவுட் துண்டில் பென்சிலால் படம் போட்டு மைத்துனன் முன்னால் வைத்தார்.

"மாப்ள, நம்ம இடப் பிரச்சினை தீந்துச்சு. ரம்பத்தையும் ரவுட்டரையும் ஒரே கேபினட்ல ஏத்திடலாம். இந்தப் பக்கம் ரம்பம், வலது பக்கம் நீட்டுற பலகைக்கு அடியில உன் ரவுட்டர். பலகை சாஞ்சு ஓடுற கைடு சட்டம் ரெண்டுக்கும் ஒண்ணே போதும். தூள் விழுற பெட்டியும் ஒண்ணு. கீழ பூரா டிராயர். பின்னால ஒரு மடக்குப் பலகை. வேணும்னா தூக்கிக்கலாம், இல்லன்னா தொங்கட்டும். பாதி ஷெட்டு மிச்சம்!"

மைத்துனன் சாப்பாட்டில் கை வைத்தபடி அப்படியே இருந்தான். அரைநூல் வாயில் இருக்கிற பல் எல்லாம் தெரியச் சிரித்தார். அப்படிச் சிரித்தால்தான் காரியம் நடக்கும் என்று காலையிலேயே தீர்மானித்திருந்தார்.

"இத மட்டும் முடிச்சுட்டோம்னா சாகுற வரைக்கும் இந்த ஷெட்டே போதும் எனக்கு. ராஜா மாதிரி இருக்கலாம். என்ன சொல்ற?"

அவன் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்து, தண்ணீர் குடித்தான்.

"நல்லா இருக்கு அத்தான். செஞ்சிடலாம்" என்றான்.

குட்டு உடைந்துவிட்டதே என்று விழிக்கிறான் என நினைத்துக்கொண்டார் அரைநூல். மனதுக்குள் சின்னதாக ஒரு வெற்றிக் கொட்டும் கொட்டிக்கொண்டார்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை என்று இறங்கியதும் இருவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ப்ளைவுட்டை இரண்டாக ஒட்டித் தடிப்பாக்கினார்கள். ரம்பத்தின் இரும்புத் தட்டும் ரவுட்டர் பலகையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். துளி ஏற்ற இறக்கம் இருந்தாலும் பலகை தட்டி நிற்கும். அரைநூல் ஒரு பக்கம் குனிந்து ரசமட்டத்தைப் பார்க்க, மைத்துனன் மறுபக்கம் காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்து ஏற்றினான். ரவுட்டரில் மாட்டுகிற வெட்டு அலகுகள் ஒவ்வொன்றுக்கும் டிராயரில் தனித்தனிக் குழி போட்டான். அத்தானின் மூக்குக்கண்ணாடிக்கும் ஒரு குழி போட்டிருந்தான். அவர்தான் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு ஊரைக் கூட்டுகிறவர். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு இருவரும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் கை வைத்திருந்தார்கள். இது இப்படியே முடியாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட அவருக்கு ஒரு நொடி தோன்றியது.

ரவுட்டரைப் பலகையில் பொருத்துகிற நாள் வந்தது. மேலிருந்து திருகு போட்டு மெஷினை அடியில் தொங்கவிட்டாயிற்று. அரைநூல் போய் லேமினேட் தகடும் பசை டப்பாவும் எடுத்து வந்தார்.

"இது எதுக்கு அத்தான்?"

"மேல ஒட்டிடலாம். திருகுத் தல தெரியாம வழவழன்னு இருக்கும். தூள் அடையாது."

"ஒட்டிட்டா மெஷின எப்படிக் கழட்டுறது? நாளைக்கு ரிப்பேர்னு வந்தா தகட்டையே பேக்கணுமே. நட்டு போல்ட்டு போட்டுத் தனியா ஒரு தட்டு வெச்சுக்கலாம். வேணுங்கிறப்ப தூக்கிக்கலாம்."

"எதுக்குத் தூக்கணும்? இனிமே இது எங்க போகப் போகுது? பசை போட்டு இறுக்கு."

தொழில் தெரிந்த எவனும் செய்யாத காரியம் அது. அரைநூல் மாதிரி ஆள் செய்யவே மாட்டார். மைத்துனனுக்கும் அது தெரியும். அவன் டப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பசையைத் தடவினான், விளிம்பு வரைக்கும், ஒரு இடம் விடாமல். க்ளாம்பு போட்டு இறுக்கியபோது ஓரத்தில் பிதுங்கியதைத் தன் விரலாலேயே வழித்துத் துடைத்தான்.

கேபினட்டைப் பார்க்கத் தெருவே வந்தது. மணி அடிப்பதை நிறுத்திவிட்டுத் தபால்காரரும் வந்தார். பாதி ஷெட் காலியாகக் கிடந்தது. அரைநூல் கேபினட்டுக்கு அடியில் மாட்டியிருந்த சக்கரங்களின் பூட்டை எடுத்துவிட்டு அந்தக் கனத்தை ஒற்றை விரலால் நகர்த்திக் காட்டினார். கூட்டம் கலைந்த பிறகு மனைவி மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மெஷின் சரி. ரெண்டு ஆள் எங்க நிக்கிறது?" என்றாள்.

அவருக்கு அது பொம்பளைப் பேச்சாகப் பட்டது. கொஞ்ச நாளிலேயே அது நியாயமான பேச்சு என்று தெரிந்தது, ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

கைடு சட்டம் ஒன்றே ஒன்று. மைத்துனன் அலகின் உயரத்தையும் சட்டத்தின் தூரத்தையும் துண்டுப் பலகைகளில் ஓட்டி ஓட்டிப் பார்த்து, மயிரிழை சரியாக்கி வைத்திருப்பான். ஒரு கதவுக்கான நான்கு ஓரங்களும் அதே நிலையில் ஓடினால்தான் மூலைகள் சேரும். அந்த நேரம் பார்த்து அரைநூல் வருவார். "மாப்ள, ஒரே ஒரு வெட்டு. அஞ்சு நிமிஷம்." சட்டத்தை நகர்த்தி அறுத்துக்கொண்டு போய்விடுவார். அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவன் அறுக்கவிடாமல் சட்டத்தைப் பிடித்துவைத்தால் இவர் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் வேலை செய்ய ஒருவர் வேடிக்கை பார்க்க, காலியான பாதி ஷெட்டில் முடியாத வேலைகள் வந்து அடைந்தன. இடிக்கிற அளவுக்கு இருவரும் பக்கத்தில் வருவதே இல்லை. 'செவுத்துக்குள்ளயா' என்று யாரும் கேட்கவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து தீர்ப்பு வருவதும் நின்றுபோனது.

அப்போதும் அவர் மனம் என்ன சொல்லியது என்றால், எப்படியோ ஆள் இங்கே இருக்கிறானே என்றுதான். அதை நினைத்தால்தான் பின்னாளில் அவருக்கு நெஞ்சு எரியும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மைத்துனன் வந்து எதிரே நின்றான். வேறு ஊரில் கதவு செய்கிற பெரிய ஃபேக்டரியில் வேலை கேட்டிருந்ததாகவும் கிடைத்துவிட்டதாகவும் சொன்னான்.

"ஃபேக்டரியா?" தனிக்கடை என்றல்லவா அவர் பயந்துகொண்டிருந்தார். "அங்க போய் இன்னொருத்தன்கிட்ட கைகட்டி நிக்கப் போறியா?"

"இங்க நான் நிக்கவே எடமில்ல அத்தான். கோவிச்சுக்காதீங்க. நான் இருந்தா உங்க வேலையும் கெடுது."

"அப்ப உன் மெஷின்?"

அவன் லேமினேட் தகட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவினான். "இத எடுக்கணும்னா மேசையவே ஒடைக்கணும். இருக்கட்டும். நீங்களே ஓட்டுங்க."

அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனான். அவள் அன்று முழுக்கப் புருஷனிடம் பேசவில்லை. மறுநாள், "என் தம்பிய மெஷின் மாதிரி ஒட்டி வெச்சுக்கலாம்னு பாத்தீங்க. மெஷின்தான் ஒட்டிக்கிச்சு" என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாளே என்று பயம்.

ஒருநாள் கண்ணாடிக்காரர் ஷூ அலமாரிக்கு அளவு சொல்ல வந்தார். கேபினட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஓஹோ, இதுதானா! இத்தனூண்டு எடத்துல முடிச்சுட்டீங்களே. உங்க மச்சான் பாவம், என் கூடம் பூராவும் தரையில சாக்பீஸால கோடு போட்டு வெச்சாரு."

"அவன் தனிக்கடைக்குப் பாத்தான்" என்றார் அரைநூல், வேண்டா வெறுப்பாக.

"தனிக்கடையா? யார் சொன்னா? முதல் கோடே உங்க ரம்பத்துக்குத்தானே போட்டாரு. ஜன்னலுக்குப் பக்கத்துல. 'அத்தானுக்கு எடது கண்ணு லேசா மங்கல், வெளியில சொல்லிக்க மாட்டார், வெளிச்சம் எடது பக்கமா வரணும்'னாரு. நான்கூடச் சிரிச்சேன், மனுஷன் பொண்டாட்டிக்குக்கூட இப்படிப் பாக்க மாட்டான்னு."

அரைநூல் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். இடது கண் விஷயம் மனைவிக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"சாவி இருக்கா?" என்று கேட்டார்.

கூடம் அப்படியே இருந்தது. வாடகைக்கு வருவதாகச் சொன்னவர்கள் யாரும் வரவில்லை. தரையில் தூசி படிந்திருந்தாலும் கோடுகள் தெரிந்தன. ஜன்னலை ஒட்டி ரம்பத்துக்கு ஒரு கட்டம். அதற்குப் பின்னால் பலகை தள்ள நீளமான கட்டம், எட்டடிக்கு மேலேயே. கதவு எவ்வளவோ தள்ளி இருந்தது, எந்தத் தபால்காரருக்கும் ஆபத்தில்லை. எதிர்ப்பக்கம் ரவுட்டருக்கு ஒரு கட்டம், சின்னது. இரண்டுக்கும் நடுவில் தாராளமாக வெற்றிடம்.

"இந்த நடு எடத்த ஏன் வீணாக்குறீங்கன்னு கேட்டேன்" என்றார் வாசலில் நின்ற கண்ணாடிக்காரர். "இடிச்சுக்கவும் கூடாது, பேசினா காதுலயும் விழணும், அந்த அளவுக்கு விட்டிருக்கேன்னாரு. அந்தத் தூரத்துல என்னைய நிக்க வெச்சுப் பேசச் சொல்லிப் பாத்தாருங்க!"

அரைநூல் போய் ரம்பத்தின் கட்டத்துக்கு முன்னால் நின்றார். இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தது. கையை நீட்டிப் பலகை தள்ளுகிற மாதிரி தள்ளிப் பார்த்தார். எதிலும் இடிக்கவில்லை. வயசான மனுஷன் காலி இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கண்ணாடிக்காரர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். அரைநூல் அழுதார். சத்தம் வரவில்லை, ஆனால் நன்றாகவே அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் போனை வாங்கிப் பேசினார். பின்னணியில் ஃபேக்டரி மெஷின்களின் இரைச்சல்.

"மாப்ள, கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன்."

அவன் இரைச்சலை விட்டு வெளியே நடந்து வருவது தெரிந்தது.

"கோடு இன்னுமா இருக்கு?" என்றான்.

"இருக்கு. நீ ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தேன் அத்தான். அன்னிக்குச் சாப்பிடும்போது சொல்லிடணும்னு முடிவு பண்ணித்தான் வந்து உக்காந்தேன்."

"அப்புறம்?"

"நீங்க படத்தக் கொண்டாந்து வெச்சீங்க."

"வெச்சா என்ன? இந்தக் கிழவனுக்குக் கிறுக்குன்னு சொல்லித் தூக்கிப் போட்டிருக்கலாம்ல?"

"எப்படிப் போடுறது? சாகுற வரைக்கும் இந்த ஷெட்டு போதும்னு சொல்லிச் சிரிச்சீங்களே. நீங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல அத்தான். அவ்வளவு சந்தோஷமா இருக்கிற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

அரைநூல் போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி நின்றார். திரும்பி வந்துவிடு என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். அதைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சிரிப்பை எதற்காகச் சிரித்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

"அத்தான்? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"மெஷின் நல்லா ஓடுதா?"

"ஓடுது மாப்ள" என்றார்.